டைச்சி (செயற்கைக்கோள்)

டைச்சி என்பது நிலப்பரப்பையும் இயற்கைப் பேரழிவுகளையும் கண்காணிக்க ஜப்பானின் ஜாக்சா விண்வெளி நிறுவனம் 2006 சனவரி 24 அன்று ஏவிய செயற்கைக்கோள் ஆகும். இது ஆலோஸ் எனவும் அழைக்கப்படுகிறது. ஜப்பானிய மொழியில் டைச்சி என்பது நிலத்தைக் குறிக்கும்.

கருவிகள்

இதில் மூன்று கருவிகள் இருந்தன. பிரிசம் 2.5 மீட்டர் பிரிதிறனுடன் நிலத்தின் உயர வேறுபாடுகளைப் படம்பிடித்தது. அவ்னிர்-2 நிலப் பயன்பாட்டை வண்ணப் படங்களாகப் பதிந்தது. பால்சார் என்னும் ரேடார், தானே நுண்ணலைகளை அனுப்பி அவை தெறித்து மீள்வதைப் பதிந்ததால், இரவிலும் முகில் மூடிய வேளையிலும் செயற்பட்டது. ஓரிடத்தின் இரு வேறு நாட்களின் ரேடார் பதிவுகளை ஒப்பிட்டு, நிலநடுக்கத்தால் நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டறிய முடிந்தது.

இறுதிக் காலம்

2011 மார்ச் 11 அன்று கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, நீரில் மூழ்கிய கரையோரப் பகுதிகளை டைச்சி படம்பிடித்தது. முன்னர் எடுத்த படங்களுடன் அவற்றை ஒப்பிட்டுச் சேதத்தின் பரப்பு அறியப்பட்டது. ஏப்ரல் 22 அன்று அதன் மின்னாக்கம் திடீரெனக் குறைந்தது; மே 12 அன்று பணி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

வழித்தோன்றல்கள்

ரேடார் பணியை டைச்சி-2 (2014), டைச்சி-4 (2024) ஆகியவை தொடர்ந்தன. ஒளிப்படப் பணிக்கான டைச்சி-3, 2023 மார்ச் 7 அன்று ஏவூர்தி தோல்வியடைந்ததால் அழிந்தது.