பரணி பெறாத யானைகள்

பரணி இலக்கியத்தை வகுப்பில் தொடங்கும்போது அதன் இலக்கணத்தை முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மீது பாடப்படுவது பரணி. ஒருமுறை கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "அப்படின்னா நுவரெலியாவுல பொதச்சிருக்கிற துரைக்கும் பரணி பாடலாமா சேர்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்கு உடனே விடை வரவில்லை.

அவன் சொன்ன துரை மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் அதிகாரியாக இருந்தவர். ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று எமர்சன் டெனன்ட் எழுதிவைத்திருக்கிறார். 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார்.

அந்தக் காலத்துத் துவக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றுபோல மருந்தும் ஈயமும் ஒன்றாய் அடைத்த தோட்டாவைக் கடையில் வாங்கிக் கொள்ள வழியில்லை. குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கி, பின்புறம் செப்புக் கேப்பைப் பொருத்த வேண்டும். குண்டை வார்ப்பதும் வேட்டைக்காரன் வேலைதான். துவக்குச் செய்தவன் அதற்கென்றே ஓர் அச்சும் கொடுப்பான். ஒரு துவக்கின் அச்சு மற்றதற்கு உதவாது. தனி ஈயம் மெதுவானது, யானையின் மண்டையோட்டில் பட்டால் நசுங்கிவிடும். ஆகவே உருக்கும்போது தகரமோ பாதரசமோ சேர்த்துக் கடினப்படுத்துவார்கள்.

நுவரெலியாவில் 1848 இல் ஆங்கிலக் குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர் இதில் பெரும் பித்தர். 1840 இல் தாமே திட்டமிட்டு, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் ஒரு துவக்குச் செய்வித்தார். எடை 21 இறாத்தல். குழலுக்குள் இரண்டு தவாளிப்புகள். அவற்றில் பொருந்தும்படி இடுப்பில் பட்டி கட்டினாற்போன்ற குண்டு, அதன் எடை 3 அவுன்ஸ். ஒரு வெடிக்கு மருந்து மட்டும் ஓர் அவுன்ஸ் அளவு! தோள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இத்தனை நுணுக்கமும் முதல் வெடியோடு சரி. மறுபடி மருந்திட்டு இடிக்கும்வரை யானை காத்திருக்குமா? அதனால்தான் துரைக்குப் பின்னே, மருந்திட்ட துவக்குகளை ஏந்தியபடி கூலிக்கு ஆட்கள் நின்றார்கள். அவன் ஒருவன் ஓடிவிட்டால் துரையின் வீரமும் அன்றோடு முடிந்தது. துரைமாரின் வேட்டை நூல்களில் அப்படி ஓடியவனுக்கு ஏச்சு உண்டு. நின்றவனுக்குப் பெரும்பாலும் பெயர்கூட இல்லை.

தந்தத்துக்காகக் கொன்றார்களா என்றால், இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இல்லை என்கிறார் டெனன்ட். வாலை அறுத்து அடையாளமாய் எடுத்துக்கொண்டு உடலை அழுகவிட்டார்கள். பயிரை அழிக்கிறதென்று அரசாங்கமும் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் 3,500. தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000. இவையும் அவர் தரும் கணக்குகளே.

மலையில் அப்போது கோப்பிக்காகக் காடு எரிந்துகொண்டிருந்தது. கினிகத்தேனை என்ற பெயருக்கே தீப்பிடித்த சேனை என்றுதான் சிங்களத்தில் பொருள். அந்தக் காட்டை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து கால்நடையாய் வந்த நம் முன்னோர். யானையின் வழியை அடைத்ததில் அவர்கள் கையும் இருந்தது, இலாபத்தில்தான் இருக்கவில்லை. காட்டுயிர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் கட்டளைச் சட்டம் 1937 இல் வந்தபோது மலைநாட்டு யானை அநேகமாய்ப் போய்விட்டிருந்தது. ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒன்றும் இல்லை.

மறுநாள் அந்த மாணவனுக்கு விடை சொன்னேன். ரொஜர்ஸ் நடத்தியது போர் அல்ல. எதிரே படை நிற்கவில்லை. அதோடு, பரணி வென்றவன் பெயரால் வழங்குவதில்லை. சோழன் வென்றான், நூலுக்குப் பெயர் கலிங்கத்துப்பரணி. தோற்ற பக்கத்தின் பெயரே நூலுக்கு நிற்கும். அப்படிப் பார்த்தால் இந்த மலையில் யாராவது ஒரு பரணி பாடினாலும் அது யானைப் பரணியாகத்தான் இருக்கும், ரொஜர்ஸ் பரணியாக இராது என்றேன்.

அவன் சற்று யோசித்தான்.

"அப்ப துவக்கத் தூக்கிக்கிட்டு பின்னால நின்னவன் எந்தப் பக்கம் சேர்?"