பாஸ்கரர் திறந்த வழிகள்

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழிலும் பள்ளியில் பிறமொழியிலும் வாய்பாடு ஒப்பிக்கின்றனர். ஓரடி மறந்தால் கணக்கே நின்றுவிடுகிறது. பிள்ளைக்குக் கணிதம் வராதென்று நாமும் முடிவுகட்டிவிடுகிறோம்.

1150-இல் பாஸ்கராசாரியர் இயற்றிய 'லீலாவதி', 135-ஐ 12-ஆல் பெருக்கச் சொல்லிப் பல வழிகளைத் திறக்கிறது. 12-ஐ 8, 4 எனப் பிரித்தால், 1080-உம் 540-உம் சேர்ந்து 1620. மூன்றால் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கினும் அதுவே. 20 மடங்கில் 8 மடங்கைக் கழிப்பதே நமக்கு மிகவும் உவப்பானது: 2700-இல் 1080 போக, மீண்டும் 1620. பின்னர் அதனையே 12-ஆல் வகுக்கச் சொல்கிறார். இரண்டையும் மூன்றால் சுருக்கினால், 540-ஐ 4-ஆல் வகுத்தால் போதும். 135 திரும்பி வருகிறது.

பாஸ்கரரின் நூல்களைப் பயிற்றவே அவர் பேரர் சங்கதேவர் ஒரு மடம் நிறுவினார். அச்செய்தி கூறும் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, நம்மவர் பலர் இரயிலில் கடந்து செல்லும் சாளிஸ்காவ் வட்டாரத்தில் கண்டறியப்பட்டது.