இன்ஹெச்ஏ (காசநோய்க் கிருமியின் நொதி)

காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவருக்கு வேண்டிய மைக்கோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று. 269 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு ஒத்த அலகுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் என்ஏடிஎச் என்னும் துணைநொதி அமரும் பள்ளம் உண்டு. 1952 முதல் வழக்கிலுள்ள ஐசோநயசிட் மாத்திரை முடக்குவது இந்த நொதியைத்தான். வேடிக்கை என்னவென்றால், அம்மருந்து தானாக எதுவும் செய்யாது. கிருமியின் சொந்த நொதியான கேட்ஜியே அதைச் செயலூட்டிக் கொடுக்கிறது. பிறகு அது என்ஏடியுடன் பிணைந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். 1998இல் படிக ஆய்வு இதைக் காட்டியது. கேட்ஜியின் 315ஆம் இடத்துச் செரின் மாறினால் மருந்து செயல்படாது. ஐசோநயசிட் எதிர்ப்புக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கு நோயாளிகள் வழக்கமாக முதல் இரண்டு மாதம் விழுங்கும் நான்கு மருந்துகளில் ஐசோநயசிட்டும் உண்டு. அதனால் கைகால் மரத்துப்போகாதிருக்க வைட்டமின் பி6உம் கூடவே தருவார்கள்.