உறுதிக்காணி: சொல்லும் உரித்தும்

மன்னார்த் தீவிலும் அதனையொட்டிய மாந்தை, முசலிக் கரைகளிலும், காலவரையறையின்றி ஆளவும் விற்கவும் ஈடுவைக்கவும் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கவும் உடையவருக்கு முழு உரித்துள்ள நிலம் ‘உறுதிக்காணி’ எனப்படுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வழிவழி உரிமையைக் குறித்த ‘காணி’ என்னும் சொல், இலங்கைத் தமிழில் எந்த நிலத்துண்டுக்கும் உரிய பொதுப்பெயராகிவிட்டதால், உரிமைப் பொருளை இன்று தாங்கி நிற்பது தமிழகத்தார் ‘பத்திரம்’ என்று வழங்கும் ஆவணத்தைக் குறிக்கும் ‘உறுதி’யே.

மன்னாரை 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் கைப்பற்றினர்; நிலத்தையும் அதற்குரிய கடமைகளையும் பதிந்த ஏடாகிய ‘தோம்பு’ போர்த்துக்கேயர் வழியே தமிழுக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம், நிலக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என விதித்தது. அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலையாக நிறுவப்படும்வரை, முடிக்குரியவை என்று கொண்டது. எழுத்தில்லாத உரிமையைக் காப்பது இவ்விரண்டாலும் கடினமாயிற்று.

உறுதியின் அட்டவணையில் காணியின் பெயரும் பரப்பும் நாற்றிசை எல்லைகளும், கிணற்றில் பங்கிருந்தால் அதுவும், நீர் எடுக்கச் செல்லும் வழியுரித்தும் எழுதப்படுகின்றன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் அனுமதிப்பத்திரமும் ‘அளிப்பு’ம் இத்தகைய முழு உரித்தைத் தருவதில்லை, அளிப்புக் காணியையும் உரிய அதிகாரியின் சம்மதமின்றி விற்க இயலாது. மக்கள் ‘பெர்மிட் காணி’யை உறுதிக்காணியினின்று வேறாக வைத்துப் பேசுவது இதனாலேயே.

ஆயினும் எழுத்து மட்டும் போதாது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உடையவரின் உரித்தை ஏற்காமல் பத்தாண்டு தடையின்றித் தனியார் காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், போரில் இடம்பெயர்ந்த தமிழரும் உறுதி கையிலிருந்தும் மண்ணில் நிற்க முடியாதவராயினர். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஆயுதக் குழுக்களின் செயலால் உரிமையை நாட முடியாதவருக்கு எதிராகக் கணக்கிடலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விலக்களித்தாலும், வழக்கிட இரண்டாண்டு அவகாசமே தந்தது. உடையவர் விரட்டப்பட்ட காலத்திலும் அவருடைய உரித்தைக் காக்கும் சட்டமே ‘உறுதி’ என்னும் பெயரை மெய்யாக்கும்; அந்தக் காப்புக்குக் கெடு வைப்பது நீதியன்று.