பாட்டி விட்டுச்சென்ற இரண்டு வெள்ளிக் காசுகள்



மலேசியத் தமிழர்களாகிய நாம் ரிங்கிட்டை இன்றும் ‘வெள்ளி’ என்றே சொல்கிறோம். பத்து வெள்ளி, ஐம்பது வெள்ளி என்று எண்ணிக் கொடுப்பதோ வெறுந்தாள். ஒரு காலத்தில் அச்சொல் உண்மையாகவே வெள்ளியைக் குறித்தது. ‘ரிங்கிட்’ என்னும் மலாய்ச் சொல்லும் பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் பல்வெட்டு விளிம்பிலிருந்து பிறந்ததே.

நான் வசிக்கும் சுபாங் ஜெயா, 1970களில் வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன் சீபீல்டு இரப்பர்த் தோட்டமாக இருந்தது. என் பாட்டியும் வேறொரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் தம் தகரப் பெட்டியில் இரண்டு டாலர் காசுகளை விட்டுச் சென்றார். ஒன்று 1903ஆம் ஆண்டுக்குரியது, மற்றொன்று 1920. இரண்டுமே கறுத்திருந்தன. ஒரு தீபாவளிக்கு முதல்நாள், குத்துவிளக்குத் துலக்கிய கையோடு 1903ஆம் ஆண்டுக் காசைப் புளியிட்டு ஊறவைத்து, விபூதியால் நன்கு தேய்த்தேன். அது பளபளத்தது. மற்றதைத் தேய்க்க நேரமில்லாமல் போயிற்று.

பல ஆண்டுகள் கழித்து, நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டையும் காட்டினேன். பளபளத்த காசை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “யார் தேய்த்தது?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தக் காசுகளின் வரலாற்றைத் தேடவைத்தது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கென முதல் டாலர் 1903இல் வெளிவந்தது. ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் ஒருபுறம். மறுபுறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும். பம்பாய் நாணயச்சாலையில் அச்சானவை ‘பி’ என்ற சிறு எழுத்தைத் தாங்கியிருக்கும். நம் முன்னோரைப் போலவே அக்காசும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். அதுவரை இங்குப் புழங்கிய மெக்சிகோ டாலர் 1904இல் செல்லாததாக்கப்பட்டது.

புதிய காசின் எடை 26.95 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1906இல் டாலரின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. அதே காலத்தில் வெள்ளியின் விலையும் ஏறியதால், காசை உருக்கி விற்பதே இலாபம் என்ற நிலை நெருங்கியது. எனவே 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. முதல் உலகப் போரையொட்டி வெள்ளி விலை மீண்டும் ஏறவே, 1919 முதல் 16.85 கிராம் எடையும் பாதியளவு வெள்ளியும் கொண்ட டாலர் வந்தது. கணக்கிட்டால், 1903ஆம் ஆண்டு டாலரில் 24 கிராமுக்குச் சற்று மேல் தூய வெள்ளி உண்டு. பாட்டியின் 1920ஆம் ஆண்டு டாலரில் 8.4 கிராம்தான். பெயர் ஒன்று, பொருள் மூன்றில் ஒரு பங்கு!

இனி அந்தக் கறுப்புக்கு வருவோம். அதை அழுக்கென்று எண்ணியதே என் பிழை. காற்றிலும் காகிதத்திலும் இரப்பரிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிறது. அப்படலம் காசின் மேற்பரப்பிலுள்ள வெள்ளியாலேயே ஆனது. ஆகவே கறுப்பைத் தேய்த்தெடுக்கும்போது வெள்ளியையும் சேர்த்தே எடுக்கிறோம்.

படலம் மெல்லியதாக இருக்கையில், மழைநீரில் மிதக்கும் எண்ணெய்போல வண்ணம் காட்டும். முதலில் இளமஞ்சள், பின் பொன்னிறம், செம்பழுப்பு, நீலம், மேலும் தடிக்கத் தடிக்க மீண்டும் மஞ்சள், செந்நிறம், இறுதியில் கருமை. இயற்கையாகப் படிந்த நிறம் பெரும்பாலும் இந்த வரிசையில், ஒன்றில் ஒன்று கரைந்து, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவும். காசைச் சாய்த்தால் நிறத்தினடியில் அச்சின் ஒளி சுழலும். புழங்கிய காசில் மேடுகள் வெளுத்தும் எழுத்தோரப் பள்ளங்கள் கறுத்தும் இருக்கும்.

கந்தகக் கலவையில் தோய்த்தோ சூடேற்றியோ செயற்கையாக நிறமேற்றுவோரும் உண்டு. அத்தகைய காசில் நிறவரிசை குழம்பியிருக்கும். மேடு பள்ளம் பாராமல் ஒரே பூச்சாகத் தெரியும். நிறத்தினடியில் மெல்லிய கீறல்கள் தென்பட்டால், தேய்த்த பின்னர் ஏறிய நிறம் என அறியலாம். மென்பிளாஸ்டிக் உறையால் படியும் பச்சைப் பிசுபிசுப்பு நிறமே அன்று. அது காசை அரிக்கும் கேடு. ஆயினும் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்ப்பளித்தல் தகாது. வெள்ளி குறைந்து செம்பு மிகுந்த 1920ஆம் ஆண்டுக் காசு, 1903ஆம் ஆண்டுக் காசைப்போல் நிறங்காட்டாது.

நிறம் மட்டுமே விலையைத் தராது. ஆண்டு, அருமை, தேய்மானம் ஆகியவற்றுக்குப் பின்னரே நிறம். அழகிய நிறம் விலையைக் கூட்டும். மேற்பரப்பை அரித்த கடுங்கருமை குறைக்கும். தேய்த்த காசுக்கோ, பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் வழக்கமான தர எண்ணைத் தருவதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்றே குறித்துவிடுகின்றன.

இவ்வளவும் அறிந்த பின் வருந்தியது விலைக்காக அன்று. பாட்டியின் பெட்டியில் அக்காசு கிடந்த ஆண்டுகளையெல்லாம் அரைமணி நேரத்தில் தேய்த்துப் போக்கிவிட்டேனே என்பதற்காகத்தான். இப்போது வகுப்பில் இரண்டு காசுகளையும் அருகருகே வைத்து மாணவர்களுக்குக் காட்டுகிறேன். “எது சார் பழசு?” என்று கேட்டால், பெரும்பாலோர் கறுத்த 1920ஐத்தான் சுட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் கறுத்த வெள்ளிக் காசு இருக்கலாம். விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். விபூதியை மட்டும் நெற்றிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.