சொன்னவர் யார்?

மாணவர்கள் கட்டுரை எழுதும்போது, 'ஒரு புலவர் கூறியதுபோல' என்று தொடங்கி, ஓர் அடியையோ ஒரு தொடரையோ எடுத்துக்காட்டிவிட்டு மேலே சென்றுவிடுவதைப் பலகாலும் கண்டிருக்கிறேன். அப்புலவர் யார், எந்த நூலில் கூறினார் என்று வினவினால், அது வெறும் சடங்கு பற்றிய வினா என்றே பலர் எண்ணுகின்றனர். தமிழ் நூல்களின் வரலாறு அவ்வாறு எண்ண இடந்தரவில்லை.

நம் பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவதில் வல்லவர்கள். சீவக சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும்போதே அச்சொல் பயின்ற பழம்பாட்டு ஒன்றை எடுத்து வைப்பார். ஆனால், பிறரும் இவ்வாறு கூறினர் என்ற அளவில் நின்றுவிடுவார். அப்பிறர் யார் என்பதைப் பல இடங்களில் சொல்லமாட்டார். அவரைக் குறைகூற நான் துணியேன். அவர்காலத்து மாணாக்கர் ஆசிரியரிடம் பாடங்கேட்டு நூல்களை நெட்டுருச் செய்தவர்கள். முதற்சீரைக் கேட்டவுடன் பாட்டு முழுவதும் அவர்கள் நினைவில் எழும். அவர்களுக்கு நூற்பெயர் எதற்கு?

ஏட்டுச் சுவடியின் இயல்பும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓலையில் இன்று நாம் இடும் மேற்கோட்குறிகள் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியுங்கூட இல்லை. மேற்கோள் முடியுமிடத்தை 'என' என்னும் சொல் காட்டிவிடும். தொடங்குமிடத்தையோ ஓசையைக் கொண்டுதான் உணரவேண்டும். செய்யுளாயின் யாப்பு கைகொடுக்கும். உரைநடையாயின் உரையாசிரியர் சொல் எது, அவர் எடுத்தாண்ட சொல் எது என்று மயங்க நேரும்.

காலம் மாறிற்று. பழைய நூல்களைப் பாடஞ்சொல்லும் வழக்கம் அருகியது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியரின் மேற்கோள்களைக் கண்டு திகைத்தார். பாட்டு இருக்கிறது, அது பிறந்த நூல் எது என்று தெரியவில்லை. கேட்டறியவும் ஆளில்லை. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைத் துருவி ஆராய்ந்தபோதுதான், அம்மேற்கோள்களிற் பல பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் உள்ளவை என்பது புலனாயிற்று. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. உரையாசிரியர் விட்ட இடத்தை அவர் நிரப்பினார். இன்ன பாட்டை இன்னார் இன்ன உரையில் எடுத்தாண்டனர் என்பதை அடிக்குறிப்பில் எழுதிச் சென்றார். அச்சிறிய எழுத்துக்களைத் தாண்டிச் செல்லும் மாணவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஒரு வரிக் குறிப்புக்குப் பின்னே எத்தனை நாள் உழைப்பு நின்றதோ!

பெயர் சொன்னவர்களும் உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், தமக்குத் துணையான இசை, நாடக நூல்களைப் பெயரிட்டே கூறினார். அவற்றுள் பஞ்சமரபு ஒன்று. 1970களில் அந்நூல் அச்சேறியபோது, அவர் சுட்டிய நூலோடு ஒத்துப் பார்க்க வழியிருந்தது. புறத்திரட்டு என்னும் தொகைநூலைத் தொகுத்தவரோ தம் பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை. ஆயினும் தாம் திரட்டிய பாடல்கள் எந்தெந்த நூலுக்கு உரியவை என்பதைக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை, குண்டலகேசியும் அவ்வாறே. இவற்றின் பாடல்கள் சில இன்று அந்தந்தப் பெயரோடு வழங்குவதற்கு அவர் எழுதிய அக்குறிப்பே பெருங்காரணம்.

ஆகவே, பிறர் சொல்லை அவ்வாறே எடுத்தாளும்போது ஓரெழுத்தும் மாற்றாமல் எழுதி, இரு முனைகளிலும் மேற்கோட்குறி இடுங்கள். இடையில் ஒரு பகுதியை விட்டால் புள்ளிகளால் அதனைக் காட்டுங்கள். ஆசிரியர், நூல், பக்கம் என்பவற்றோடு பதிப்பையும் குறிப்பது நன்று. ஒரே பாட்டு இரு பதிப்பில் இரு பாடத்தோடு இருத்தல் தமிழில் அரிதன்று. கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் சொல்லில் எழுதினால் மேற்கோட்குறி வேண்டா. சொன்னவர் பெயர் அப்போதும் வேண்டும். வேறொருவர் நூலில் கண்ட மேற்கோளை, மூலநூலைப் பார்த்ததுபோல எழுதுதல் முறையன்று.

பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய உரைகளிலும் புறத்திரட்டிலும் காணப்படும் சில பாடல்கள் அவற்றைச் சேர்ந்தவையாகலாம் என்று அறிஞர் கருதுவர். அவற்றுள் எது முதற்பத்துக்குரியது, எது பத்தாம்பத்துக்குரியது என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல இயலவில்லை. பதிப்பாசிரியர்கள் அவற்றை நூலின் இறுதியில் தனியே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.