விழியை அசைக்கும் ஆறு தசைகள்

கண்ணைக் காமிராவுக்கு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் காமிரா படம் முழுவதையும் ஏறக்குறைய ஒரே தெளிவோடு பதிவு செய்யும். கண் அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், நம் விழிகள் ஏன் ஓயாமல் அசைகின்றன என்பதும் விளங்கிவிடும்.

கண்ணின் அமைப்பு

விழிக்கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். வெளியே வெள்ளையாகத் தெரிவது உறுதியான வெண்படலம். அதன் முன்பகுதியில் கண்ணாடி போல் தெளிந்திருப்பது கார்னியா. கண் தானத்தில் பெரும்பாலும் பயன்படுவது இதுதான். அதன் பின்னே நிறமுள்ள ஐரிஸ், அதன் நடுத்துளையே கண்மணி. கார்னியாவும் லென்ஸும் ஒளியைக் குவிக்க, பின்சுவரிலுள்ள விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது.

விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. கூம்பு செல்கள் மிக நெருக்கமாக இருப்பது, ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு குழியில். எழுத்தை வாசிக்குமளவு கூர்மை அங்கு மட்டுமே உண்டு. எனவே எதைப் பார்க்க வேண்டுமோ, அதன் பிம்பம் அந்தக் குழியில் விழுமாறு விழி திரும்பியாக வேண்டும். இந்த வரியை வாசிக்கும்போதுகூட உங்கள் கண் வழுக்கிச் செல்லவில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவிச் செல்கிறது!

ஆறு தசைகள், மூன்று நரம்புகள்

ஒவ்வொரு விழியிலும் ஆறு தசைகள் ஒட்டியிருக்கின்றன. மேல், கீழ், உள், வெளி என நான்கு நேர்தசைகள். மேல், கீழ் என இரண்டு சாய்தசைகள். மேல் சாய்தசை ஒரு பொறியியல் அதிசயம். மூக்குப் பக்கமுள்ள சிறு வளையத்தில், கிணற்றுக் கப்பியில் கயிறு போல, நுழைந்து திரும்பி விழியை அடைகிறது.

வெளி நேர்தசையை இயக்குவது ஆறாவது மூளை நரம்பு. மேல் சாய்தசைக்கு நான்காவது. மற்ற நான்குக்கும் மூன்றாவது நரம்பு.

பரதம் பயிலும் குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதை நேரிலேயே காணலாம். அபிநய தர்ப்பணம் எட்டு வகைப் பார்வைகளைச் சொல்கிறது. அவற்றில் கடைக்கண்ணால் பார்ப்பது சாசி. வலப்புறம் அப்படிப் பார்க்க, வலக்கண்ணின் வெளி நேர்தசையும் இடக்கண்ணின் உள் நேர்தசையும் ஒரே அளவில் சுருங்க வேண்டும். மேல்நோக்கும் உல்லோகிதத்தில் மேல் நேர்தசையும் கீழ் சாய்தசையும் சேர்ந்து உழைக்கின்றன. விழியைச் சுழற்றும் ஆலோகிதத்தில் ஆறு தசைகளுக்கும் வேலை உண்டு.

மாறுகண் அதிர்ஷ்டமா?

இரு கண்களும் இப்படி இணைந்து திரும்பாவிட்டால் அது மாறுகண். 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். உள்ளே நடப்பது என்ன? இரு கண்களிலிருந்தும் வெவ்வேறு பிம்பங்கள் வருவதால், வளரும் குழந்தையின் மூளை ஒன்றை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமல் மங்குகிறது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதை மீட்பது கடினம். அரிதாக, கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியின் அறிகுறியாகவும் மாறுகண் தோன்றலாம்.

பிறந்த முதல் சில மாதங்களில் விழி அவ்வப்போது விலகுவது இயல்பு. நான்கு மாதங்களுக்குப் பிறகும் விலகினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலருக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைப்பதுமே பலன் தரும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும், பலர் அஞ்சுவது போல விழியை வெளியே எடுப்பதில்லை. தசையைப் பிரித்துச் சற்றுத் தள்ளித் தைப்பார்கள், அல்லது அதன் நீளத்தைக் குறைப்பார்கள். 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவற்றில் இதற்குச் சிகிச்சை உண்டு.

பெரியவர்களுக்கு ஒரு சொல். திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிந்து, ஒரு கண்ணை மூடியதும் ஒன்றாகிவிட்டால், இந்த மூன்று நரம்புகளில் ஒன்று பழுதாகியிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் இதைக் காணலாம். அதோடு இமை தொங்கி, கண்மணியும் விரிந்திருந்தால் மூளை இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.